முதலில் தொகை, அப்புறம்தான் பாலிசி

வாசகர் கேள்வி:

நாங்கள் செங்கோட்டை பக்கம் புளியரையில் இருக்கிறோம். என் கணவருக்கு 38 வயது. சொந்தமாக ஒரு மினி லாரி வைத்து, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் வரை போய் வருகிறார். டீசல், கூலி, பழுதுச் செலவு போக மாதம் 55,000 ரூபாய் நிற்கும். அதில் வண்டித் தவணை 18,000. நான் தனியார் பள்ளியில் 11,000 சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. மாமியார் எங்களோடு இருக்கிறார். வீட்டுச் செலவு 30,000. வண்டிக் கடன் பாக்கி 6,20,000, நகைக்கடன் 1,40,000. புனலூரில் ஒரு சிட்டி (சீட்டு) சேர்ந்து, அதை எடுத்து வீட்டுக்குத் தளம் போட்டோம். மாதம் 5,000 வீதம் இன்னும் 31 தவணை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் அவர் போட்ட 2 லட்சம் எண்டோமென்ட் (முடிவில் பணம் திரும்ப வரும்) பாலிசிக்கு 12 வருடம் கட்டியாகிவிட்டது, இன்னும் 8 வருடம். பாங்கில் வருடம் 436 ரூபாய் பிடிக்கிறார்கள், எதற்கென்று தெரியவில்லை.

இப்போது ஏஜென்டாக இருக்கும் அவருடைய அத்தை மகன், பிள்ளைகளுக்காக ஒரு பாலிசி போடச் சொல்கிறார். வருடம் 52,000, 20 வருடம், காப்பீடு 10 லட்சம், முடிவில் 18 லட்சம் வருமாம். காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி போட்டால் கட்டின பணம் போய்விடும் என்கிறார். ராத்திரி தூக்கம் வராமல் இருக்க என் கணவர் புகையிலை போடுவார். அதை ஃபாரத்தில் எழுத வேண்டாம் என்றும் சொல்கிறார். எது போடுவது, எவ்வளவு போடுவது? கேரளாவில் ஏதாவது நடந்தால் பணம் கிடைக்குமா? சொந்தக்காரரிடம் எப்படி மறுப்பது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

எல்லாவற்றையும் ரூபாய்க் கணக்காக எழுதியிருக்கிறீர்கள், அதனால் எனக்கு வேலை சுலபம். என்னிடம் வருகிறவர்களில் பலர் "நல்ல பாலிசியாக ஒன்று சொல்லுங்கள்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் எது நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் 'எவ்வளவு' என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

நாளைக்கே அவர் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டுச் செலவு 30,000. அவருடைய சாப்பாடு, போன், கைச்செலவு என்று 5,000 குறையும். மீதி 25,000. உங்கள் சம்பளம் 11,000 போக மாதம் 14,000 துண்டு விழும். பள்ளிக்கூடத்தில் லீவு மாதம் சம்பளம் வராமல் போகலாம், மாமியாருக்கு மருந்துச் செலவு ஏறலாம். 15,000 என்றே வையுங்கள். வருடத்துக்கு 1,80,000.

இது எத்தனை வருடத்துக்கு? சின்னவன் படித்து முடித்து வேலைக்குப் போகும் வரை என்று பலரும் கணக்குப் போடுவார்கள். அதற்குப் பிறகும் நீங்கள் இருப்பீர்கள், உங்களுக்கும் வயது ஏறும். அதனால் 25 வருடம் என்று எடுக்கிறேன். கையில் வரும் பணத்தை டெபாசிட்டில் போட்டால் வரும் வட்டியும், விலைவாசி ஏறுவதும் ஏறத்தாழ சரிக்குச் சரியாகப் போகும் என்று வைத்தால், நேராகப் பெருக்கினால் போதும்: 45 லட்சம்.

அடுத்தது கடன். வண்டி 6,20,000, நகை 1,40,000. சிட்டியைப் பலர் கடனாகவே நினைப்பதில்லை. எடுக்காத சிட்டி சேமிப்பு. எடுத்துவிட்ட சிட்டி கடன். 31 தவணைக்கு 1,55,000 வருகிறது, கழிவு கிடைத்தால் கொஞ்சம் குறையலாம். அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கட்டியாக வேண்டிய பணம், அதற்கு ஜாமீன் நின்றவரும் இருப்பார். ஆக மொத்தக் கடன் 9,15,000.

பிள்ளைகளின் மேல்படிப்புக்கு இன்றைய விலையில் ஆளுக்கு 7 லட்சம் என்று 14 லட்சம் வைக்கிறேன். முதல் சில மாதச் செலவுக்கும் அலைச்சலுக்கும் 2 லட்சம். எல்லாம் கூட்டினால் 70 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

இதில் ஏற்கெனவே இருப்பதைக் கழிக்க வேண்டும். பழைய பாலிசி 2 லட்சம். பாங்கில் பிடிக்கும் 436 ரூபாய், பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்துக்கான பிரீமியம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் தரும் திட்டம் அது. 50 வயதுக்குள் சேரலாம், 55 வரை தொடரலாம். ஜூன் முதல் மே வரை ஒரு வருடக் கணக்கு. பணம் பிடிக்கும் சமயத்தில் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் அந்த வருடம் காப்பீடு நின்றுபோகும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கிலும் இதைத் தொடங்கலாம்.

இந்த 4 லட்சத்தைக் கழித்தால் 66 லட்சம். படிப்புச் செலவு விலைவாசியை விட வேகமாக ஏறுகிறது, அதனால் 75 லட்சத்துக்கு எடுங்கள் என்பேன். வருட வருமானத்தைப் போல் 10 முதல் 15 மடங்கு என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். உங்களுக்கு அது 66 லட்சத்திலிருந்து 99 லட்சம். நம் கணக்கும் அதற்குள்தான் வருகிறது.

இப்போது அத்தை மகன் சொல்லும் 10 லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடனை அடைத்தால் கையில் மிஞ்சுவது 85,000. உங்கள் வீட்டின் மூன்று மாதச் செலவு அது. நான்காவது மாதம் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பாலிசியில் பதில் இல்லை. எனக்கு வருத்தம் தருவது இதுதான். வருடம் 52,000 கட்டும் குடும்பம், 'நம்மிடம் பெரிய பாலிசி இருக்கிறது' என்று நிம்மதியாக இருந்துவிடும்.

சேமிப்பாக நினைத்துப் பார்த்தாலும் கணக்குச் சரியாக வரவில்லை. வருடம் 52,000 வீதம் 20 வருடம் கட்டி 18 லட்சம் வாங்கினால், கிடைக்கும் வட்டி வருடத்துக்குச் சுமார் 5 சதவீதம்தான். அந்த 18 லட்சத்திலும் போனஸ் பகுதிக்கு உத்தரவாதம் இருக்காது. அதில் எவ்வளவு எழுத்தில் உறுதி, எவ்வளவு எதிர்பார்ப்பு என்று தனியாகக் கேளுங்கள்.

டேர்ம் பாலிசியில் பணம் போய்விடும் என்பது உண்மைதான். காலம் முடியும்போது அவர் நல்லபடியாக இருந்தால் ஒரு ரூபாயும் திரும்ப வராது. லாரிக்கு வருடாவருடம் இன்சூரன்ஸ் கட்டுகிறாரே, வண்டி அடிபடாமல் வருடம் ஓடிவிட்டால் பணம் போச்சே என்று அவர் வருத்தப்படுவதில்லை. வண்டிக்கு ஏற்றுக்கொண்ட நியாயத்தை, வண்டி ஓட்டுகிற மனிதருக்கும் ஏற்றுக்கொள்ளலாம். கட்டியதைத் திருப்பித் தரும் டேர்ம் என்றும் ஒன்று விற்பார்கள். பிரீமியம் நிறைய கூடும், கடைசியில் திரும்ப வருவது கட்டின பணம் மட்டுமே. வேண்டாம்.

காலம் எவ்வளவு? அவருக்கு 60 ஆகும் வரை, 22 வருடம் போதும். அப்போது மகனுக்கு 28 வயதாகியிருக்கும். 85 வயது, 99 வயது வரை என்று எடுத்தால் தேவையில்லாத வருடங்களுக்கும் சேர்த்து இப்போதிருந்தே கட்ட வேண்டியிருக்கும். பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புகையிலைப் பழக்கத்தைச் சொல்லிய பிறகு, 75 லட்சத்துக்கு வருடம் 20,000-லிருந்து 30,000-க்குள் வரலாம் என்பது என் உத்தேசம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதற்கு முன் டேர்ம் பாலிசிக்கு 18 சதவீதம் இருந்தது. யாராவது பழைய கணக்கில் வரி சேர்த்துச் சொன்னால் கேட்டுத் திருத்துங்கள்.

புகையிலை விஷயத்துக்கு வருகிறேன். இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு 2015-இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாலிசி தொடங்கி மூன்று வருடம் ஆகிவிட்டால் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது. "மூணு வருஷம் தாண்டிட்டா போதும்" என்று சில ஏஜென்டுகள் சொல்வது இதை வைத்துத்தான். அந்த மூன்று வருடத்துக்குள் ஏதாவது நடந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. சீக்கிரம் வரும் கிளெய்மை கம்பெனி விசாரிக்கும். ஆஸ்பத்திரி சீட்டில் டாக்டர் 'புகையிலைப் பழக்கம் உண்டு' என்று ஒரு வரி எழுதியிருந்தால், அது ஃபாரத்தில் உள்ள 'இல்லை'யோடு மோதும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஃபாரத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னவர் பெயர் எங்கேயும் இருக்காது. மருத்துவப் பரிசோதனையில் நிகோடின் தடயத்தையும் பார்ப்பார்கள், மெல்லும் புகையிலையும் அதில் தெரியும்.

ஆகவே 'உண்டு' என்றே எழுதட்டும். கூடுதல் பிரீமியம் கட்டினாலும் அது நிலைக்கிற பாலிசி. சர்க்கரை, பிரஷர், பழைய ஆபரேஷன் எதுவாக இருந்தாலும் இதே கதைதான். வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. பாலிசி வந்ததும் அதோடு புரபோசல் ஃபாரத்தின், அதாவது விண்ணப்பத்தின், நகலும் வரும். இரவு அவர் வண்டி எடுக்கும் முன் ஒரு அரைமணி நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்து, பிறந்த தேதி, தொழில், பழக்கம், நோய், நாமினி என்று ஒவ்வொரு கட்டமாகப் படியுங்கள். தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று மட்டும் எழுதிவிடுவார்கள். லாரி ஓட்டுகிறார் என்பது அதில் இருக்க வேண்டும். தவறு இருந்தால் உடனே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு.

அடுத்து ஒரு சிக்கல் வரும், இப்போதே தயாராக இருங்கள். 75 லட்சத்துக்குக் கம்பெனி வருமானச் சான்று கேட்கும். லாரி வைத்திருப்பவர்கள் பலர் வருமான வரி ரிட்டர்ன் போடுவதில்லை, போட்டாலும் குறைத்துக் காட்டுவார்கள். சின்ன சரக்கு வண்டிக்கு மாதம் 7,500 வருமானம் என்று உத்தேசமாகக் காட்டலாம் என்ற விதி இருப்பதால், வருடம் 90,000 என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த 90,000-ஐ வைத்துப் பார்க்கும் கம்பெனி 75 லட்சத்துக்கு எப்படி ஒப்புக்கொள்ளும்? உண்மையான வருமானம் அதைவிட அதிகம் என்றால் அதிகமானதைத்தான் காட்ட வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி வராது. உள்ளபடி 5, 6 லட்சம் காட்டுவதால் அவருக்குச் செலவு, ஆடிட்டர் கூலி மட்டும்தான். கடனுக்குப் போனாலும் அந்த ரிட்டர்ன் உதவும்.

ரிட்டர்ன் சேரும் வரை சும்மா இருக்க வேண்டாம். பாங்க் ஸ்டேட்மென்ட், வண்டியின் ஆர்சி, தவணை ஒழுங்காகக் கட்டிய பதிவு இவற்றை வைத்து ஓரளவு தொகைக்குச் சில கம்பெனிகள் ஒப்புக்கொள்ளும். 'சரல் ஜீவன் பீமா' என்று ஒரு பொதுவான டேர்ம் பாலிசி 2021 ஜனவரியில் வந்தது. படிப்பு, தொழில், ஊர் என்று பார்க்காமல் 5 லட்சத்திலிருந்து 25 லட்சம் வரை தருவதற்காக வடிவமைத்தது. முதல் 45 நாள் விபத்து மரணத்துக்கு மட்டும் பணம் உண்டு. இப்போது கிடைக்கிற தொகைக்கு ஒன்று, ரிட்டர்ன் கையில் வந்தபின் மீதிக்கு இன்னொன்று என்று இரண்டு பாலிசியாக எடுப்பதில் தவறில்லை. இரண்டாவதில் முதலாவதைக் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பெயரிலும் 10, 15 லட்சம் இருக்கட்டும். சம்பளம் 11,000 தானே என்று நினைக்காதீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் அவரால் ராத்திரி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியுமா? வயதான தாயாரையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு எப்படிப் போவார்?

கேரளாவில் நடந்தால் என்ன என்று கேட்டீர்கள். ஆயுள் காப்பீட்டுக்கு மாநில எல்லை கிடையாது. தென்காசியில் எடுத்த பாலிசிக்கு ஆரியங்காவு மலைப்பாதையில் நடந்தாலும் பணம் உண்டு. அலைச்சல் வருவது காகிதத்தில்தான். இறப்பு எங்கே நடந்ததோ அங்குள்ள உள்ளாட்சியில்தான் பதிவாகும், 21 நாளுக்குள் பதிய வேண்டும். விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர், பிரேதப் பரிசோதனை எல்லாம் அந்தப் பகுதி ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் நடக்கும். அங்கே பெயருக்குப் பின்னால் வீட்டுப் பெயர் கேட்டுப் பழக்கம். நமக்கோ முன்னால் ஒரு இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, பாலிசியில் ஒரு மாதிரி, லைசென்ஸில் வேறு மாதிரி என்று இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். மூன்றிலும் ஆங்கில எழுத்து ஒன்றுபோல இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். கிளெய்மை கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) கட்டணம் இல்லாமல் முறையிடலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் கேரளாவுக்குக் கொச்சியிலும் அலுவலகம் இருக்கிறது.

சாலையிலேயே இருப்பவர் என்பதால் இன்னொன்று. வண்டி இன்சூரன்ஸில் ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுவார்கள். ஆர்சி அவர் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும், அப்போதுதான் செல்லும். நான் இதை 75 லட்சத்தில் கழிக்கவில்லை, ஏனென்றால் காய்ச்சலில் போனால் இது வராது. உயிர் தப்பி, கால் போய் வண்டி ஓட்ட முடியாமல் ஆகிவிட்டால் டேர்ம் பாலிசி உதவாது. அதற்கு நிரந்தர ஊனத்தையும் சேர்த்துக் காக்கும் தனி விபத்துப் பாலிசி ஒன்று அவருக்குக் கட்டாயம் வேண்டும். பாங்கில் வருடம் 20 ரூபாயில் கிடைக்கும் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டிக் கடன் கொடுத்தபோது உயிர்க் காப்பீட்டுக்கு என்று ஏதும் பிடித்தார்களா என்று அந்தக் காகிதத்திலும் ஒரு தடவை பாருங்கள்.

டேர்ம் எடுக்கும்போது, திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ், உங்களையும் பிள்ளைகளையும் பயனாளிகளாகக் குறித்து எடுக்கச் சொல்லுங்கள். 1874-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அப்படி எடுத்தால் அந்தப் பணத்தின் மேல் அவருடைய கடன்காரர்கள் உரிமை கேட்க முடியாது. மார்க்கெட்டில் ஒருவருக்கொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. விண்ணப்பிக்கும்போதே செய்ய வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. எடுத்தபின் அவரே நினைத்தாலும் பயனாளியை மாற்ற முடியாது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய 2 லட்சம் பாலிசியை நிறுத்த வேண்டாம். 12 வருடம் கட்டியாகிவிட்டது, இப்போது சரண்டர் செய்தால், அதாவது பாதியில் முடித்துப் பணம் வாங்கினால், நஷ்டம்தான். கல்யாணத்துக்கு முன் எடுத்தது என்பதால் நாமினி அநேகமாக மாமியாராக இருப்பார். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள், பின்னால் மனக்கசப்பு வராது.

52,000-ல் டேர்ம் போக மீதி இருப்பதில், மகளுக்கு செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்குங்கள். 10 வயது முடியும் முன் தொடங்கினால்தான் உண்டு. அவளுக்கு இப்போதே 9. வருடம் 250 ரூபாயிலிருந்து போடலாம். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதம் ஆனது, அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். 18 வயதில் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். செங்கோட்டை தபால் ஆபீஸிலேயே முடிந்துவிடும். மகனுக்காக பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) போதும்.

அத்தை மகனை மறுக்கவே வேண்டாம், அவரிடமே டேர்ம் எடுங்கள். "அண்ணே, பிள்ளைகள் பாலிசியை அப்புறம் பார்ப்போம். முதல்ல 75 லட்சத்துக்கு டேர்ம் போட்டுக் குடுங்க, புகையிலையை உள்ளபடி எழுதிடுங்க" என்று சொல்லுங்கள். அவருக்கும் கமிஷன் வரும், 52,000 பிரீமியத்துக்கு வருகிற அளவு இருக்காது. ஆனால் ஒரு கிளெய்ம் என்று வந்தால் ஃபாரம் நிரப்பவும், பிராஞ்சுக்கு அலையவும், புனலூர் வரை போய்ச் சான்றிதழ் வாங்கவும் வீட்டு ஆள் ஒருவர் வேண்டும், அந்த வகையில் அவர் உங்களுக்குத் தேவைப்படுகிறவர். டேர்ம் போட மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், ஏஜென்ட் இல்லாமல் நேரடியாகக் கம்பெனியிலேயே எடுத்துக்கொள்ளலாம். அப்போது உறவுக்காக ஒரு பாலிசி போட வேண்டுமே என்று மட்டும் 52,000-க்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.